புரட்டாசி மழை: ஐந்து நாள் முன்னறிவிப்பைத் தோட்டத்து வேலைக்குப் பொருத்துவது எப்படி?

புரட்டாசி பாதி தாண்டும்போது மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, தளர ஆரம்பிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து விடாமல் வீசிய காற்று அது. அது வீசுகிறவரை பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் மேகம் ஓடுமே தவிர நின்று பெய்யாது. காற்று தளர்ந்ததும் நிலம் மதியம்வரை நன்றாகக் காய்கிறது. வங்கக்கடலிலிருந்து ஈரத்தோடு கிழக்குக் காற்று உள்ளே நுழைகிறது. இந்த இரண்டு காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பிற்பகல் இடிமேகம் எழும்பும். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில்தான் தொடங்கும். அதற்கு முன் நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இந்த வெப்பச்சலன மழைதான். வானிலைத் துறையின் கணக்கில் மட்டும் அக்டோபர் 1 முதல் பெய்வதெல்லாம் வடகிழக்குப் பருவத்தில் சேர்ந்துவிடும்.

இந்த மழைக்கு அகலம் குறைவு, ஆயுளும் குறைவு. அவிநாசியில் ஓடை நிரம்பி ஓடும்போது பெருமாநல்லூரில் புழுதி பறக்கலாம். ‘முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது’ என்ற புகார் அதிகம் எழுவது இந்த வாரங்களில்தான். பெரும்பாலும் பொய்ப்பதில்லை, நாம்தான் பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறோம்.

வானிலை ஆய்வுத் துறை அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது இடத்தைக் குறிக்கும் சொல். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் மட்டும் 2.5 மில்லிமீட்டராவது பதிவாகலாம் என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதிவரை, ‘அநேக இடங்களில்’ என்றால் முக்கால்வாசிவரை, ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். ‘ஓரிரு இடங்களில்’ என்ற அறிவிப்பை நம்பித் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தக் கூடாது. ‘அநேக இடங்களில்’ என்று வந்தபின் களத்தில் எதையும் விரித்துப் போடவும் கூடாது.

அடுத்தது அளவு. 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர்வரை மிதமான மழை. 64.5-லிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. இதில் கோவை, திருப்பூர்க்காரர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எச்சரிக்கை மாவட்டத்தின் பெயரில் வருகிறது. கோவை மாவட்டத்துக்குக் கனமழை என்றால், வால்பாறையும் சின்னக்கல்லாறும் அதே மாவட்டம்தான். ‘மலைப்பகுதிகளில்’ என்று ஒரு சொல் கூட இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சமவெளியில் இருக்கும் சூலூர்க் காட்டுக்கு அந்த எச்சரிக்கையால் பெரிய மாற்றமில்லை. மலையிலிருந்து இறங்கும் பள்ளத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உண்டு. தங்கள் ஊரில் வெயில் அடித்தாலும் பள்ளத்தில் திடீரென்று தண்ணீர் வரும்.

ஐந்து நாளும் ஒரே தரத்தில் நம்பத்தக்கவை அல்ல. முதல் இரண்டு நாளை வைத்து வேலையை முடிவு செய்யலாம். மூன்றாம் நாளை வைத்து ஆள் சொல்லி வைக்கலாம். நான்காம், ஐந்தாம் நாள் வங்கக்கடலைப் பொறுத்தது. அங்கே உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு வட ஆந்திரா, ஒடிசா பக்கம் நகர்ந்தால் ஓய்ந்திருந்த மேகாத்து மறுபடி வலுக்கும்; மலையில் மட்டும் பெய்யும், சமவெளி வறண்டுவிடும். தாழ்வு தெற்கே தமிழகக் கரையை நோக்கி வந்தால் கொங்கு முழுக்க ஈரம் பரவும். ‘தாழ்வுப் பகுதி உருவாகிறது’ என்ற செய்தியைக் கேட்டதுமே மழை வரப்போகிறது என்று விதைக்கிறவர்கள் அது எந்தத் திசையில் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

அன்றன்றைக்கு வரும் ‘அடுத்த 3 மணி நேரத்துக்கான’ அறிவிப்பு இந்தப் பருவத்தில் மற்றவற்றைவிடப் பயனுள்ளது. கண்ணாலும் பார்க்கலாம். மதியம் 12 மணிக்கே மேகம் கோபுரம்போல உயர்ந்து, காற்று அடங்கி, புழுக்கம் கூடினால் 3 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் எங்கோ பெய்யப்போகிறது. மேலடுக்கில் கிழக்குக் காற்று வந்துவிட்ட நாட்களில் ஈரோடு, திருப்பூர் பக்கம் எழும் மேகம் கோவையை நோக்கி நகரும். மேலடுக்கில் மேற்குக் காற்று இன்னும் இருந்தால் மலையடிவாரத்தில் எழுந்தது கரூர்ப் பக்கம் போகும்.

அதனால் மருந்தடிப்பைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். மருந்து இலையில் ஏற நாலைந்து மணி நேரமாவது வேண்டும். பிற்பகல் மழை அதற்குள் வந்தால் மருந்தும் கூலியும் ஓடையில்தான். ஒட்டும் திரவம் சேர்ப்பது நல்லது, ஆனால் கொட்டும் மழைக்கு அது ஈடு கொடுக்காது. மேலுரம் போடுவதற்கு 10, 20 மில்லிமீட்டர் மழை வரும் நாள் உதவும். காய்ந்த மண்ணின் மேல் கிடக்கும் யூரியா ஆவியாகப் போவது குறையும். கனமழை அறிவிப்பு இருந்தால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். மஞ்சள் வயலில் அதற்கு முந்தின நாளே வடிகால் வாயைத் திறந்துவிடுங்கள். ஒருநாள் தண்ணீர் தேங்கினாலும் கிழங்கழுகலுக்கு அது வழி விடும்.

நிலக்கடலை பிடுங்குவதற்கு இரண்டு நாள் மழையில்லாமல் வெயில் காயும் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். கொத்துரகக் கடலைகளில் பலவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது. பிடுங்கிப் போட்டபின் நனைந்தால் முளைத்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த காயில் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும், அதைக் கழுவியோ வறுத்தோ முழுதாகப் போக்க முடியாது. செடியைத் தலைகீழாகக் காய் மேலே தெரியும்படி போடுங்கள். குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை ஈரத்தோடு பட்டறையில் (சேமித்து வைக்கும் அமைப்பில்) ஏற்றினால் நடுவில் அழுகல் தொடங்கி வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும்.

காங்கேயம், வெள்ளகோவில் களங்களில் உடைத்த தேங்காய்க்கு முதல் இரண்டு நாள்தான் கண்டம். அதற்குள் நனைந்தால் பிசுபிசுத்து நிறம் மாறும். தார்ப்பாயைப் பருப்பின் மேலேயே இழுத்து மூடிவிட்டு விடியும்வரை விடுவது பலர் செய்யும் தவறு. பகல் சூட்டில் இருக்கும் பருப்பு உள்ளே வியர்த்து, மழை இல்லாமலே பூஞ்சாணம் வரும். நடுவில் குவித்து, கம்பு ஊன்றி, பாய்க்கும் பருப்புக்கும் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். காலையில் வெயில் ஏறியதும் பாயை எடுங்கள்.

மானாவாரியில் கொள்ளு, சோளம் விதைக்க மாவட்டச் சராசரி உதவாது, உங்கள் காட்டில் பெய்தது தெரிய வேண்டும். நேர்ச்சுவரும் தட்டை அடியும் உள்ள பாத்திரம் ஒன்று போதும்; வாய் விரிந்த வாளி அளவை அதிகமாகக் காட்டும். வீட்டின் அல்லது மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்து, காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். துறையின் கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது. செவ்வாய் மாலை பெய்தது புதன்கிழமைப் பதிவில் வரும். 1 சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு சுமார் 40 ஆயிரம் லிட்டர். ஆனால் அரைமணியில் கொட்டினால் இறுகிய செம்மண்ணில் பாதி வழிந்தோடிவிடும். அளவு எதுவானாலும் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி ஈரம் ஒரு சாண் இறங்கியிருக்கிறதா பார்த்தபின் விதையுங்கள். மேலாக நனைந்த மண்ணில் முளைத்த பயிர் அடுத்த பத்து நாள் வெயிலைத் தாங்காது.

இந்த மழையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மின்னல்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். 3 வினாடிக்கு 1 கிலோமீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகவேண்டும். தென்னையடியும் ஓலை வேய்ந்த தோட்டத்துச் சாளையும் பாதுகாப்பல்ல. கம்பி வேலியைத் தொடக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) மேயும் மாடுகள் மழை வந்தால் வெள்வேல மரத்தடியில் கூட்டமாக ஒதுங்கும். ஒரே இடியில் பல மாடுகள் சாவது அப்படித்தான். மேகம் கட்டும் நாளில் 2 மணிக்கே கட்டுத்தரைக்கு ஓட்டி வாருங்கள். மோட்டார் ரூமில் மெயினை நிறுத்துவதும் அதே நேரத்தில் நடக்கட்டும், இடி கேட்டபிறகு கை வைக்க வேண்டாம். 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுவதைக் கைபேசியில் சொல்லும் ‘தாமினி’ செயலி இலவசம். தோட்டத்து வேலைக்குத் தனியாகப் பயிர் ஆலோசனையும் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் புதிதாக வரும், ‘மேக்தூத்’ செயலியில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழிலேயே படிக்கலாம்.