ஏழாம் நம்பர் அயர்ன் எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு ஒருவர் தன் கோல்ஃப் பையோடு, கிளப்களை (கோல்ஃப் மட்டைகளை) அளந்து சரி செய்யும் என் பட்டறைக்கு வந்தார். வயது 61. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆடுகிறவர். பையில் இருந்த அயர்ன் செட் (உலோகத் தலையில் எண் பொறித்த கிளப்கள்; எண் கூடக் கூடத் தூரம் குறையும்) வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முகப்பில் கீறல்கூடச் சரியாக விழவில்லை.

"கடையில அடிச்சுப் பார்த்தப்ப என் பழைய ஏழாம் நம்பரை விட பதினஞ்சு யார்டு கூடப் போச்சு சார். அதான் வாங்கினேன். ஆனா இப்ப ஒவ்வொரு ரவுண்டுலயும் அஞ்சாறு ஸ்ட்ரோக் அதிகமாகுது. குழி இருக்கிற கிரீனுக்கு எண்பது, தொண்ணூறு யார்டு இருக்கும்போது எதை எடுக்கிறதுன்னே தெரியல" என்றார்.

அவர் ஸ்விங்கைப் பார்ப்பதற்கு முன்பே செட்டை லாஃப்ட் அளக்கும் கருவியில் மாட்டினேன். கிளப்பின் முகப்பு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்தான் லாஃப்ட்; அது குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். ஏழாம் நம்பர் 29 டிகிரி. ஒன்பதுக்கு அடுத்து வரும், குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி. பழைய செட்டை வீட்டில் வைத்திருந்தார். மறுநாள் எடுத்து வரச் சொல்லி அதையும் அளந்தேன். அதில் ஏழு 35, பிட்சிங் வெட்ஜ் 48. அதாவது, புது ஏழு என்பது அவருடைய பழைய ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்த ஒரு கிளப். புது பிட்சிங் வெட்ஜ், பழைய எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்தது. அதற்குக் கீழே அவரிடம் இருந்தது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் மட்டும்தான். 41-லிருந்து 56 வரை 15 டிகிரிக்கு ஒன்றுமே இல்லை. அவருடைய வேகத்துக்கு ஒன்று 110 யார்டு போகும், இன்னொன்று 70 யார்டு போகும். நடுவில் உள்ள நாற்பது யார்டையும் அரை ஸ்விங், முக்கால் ஸ்விங் என்று கணக்குப் போட்டே அவர் ஆட வேண்டியிருந்தது.

இந்த ஒரு விஷயத்தைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அயர்னில் பொறித்திருக்கும் எண்ணுக்கு எந்த விதியும் கிடையாது. ஒருவர் பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்று கோல்ஃப் விதி சொல்கிறது. ஏழு என்றால் இத்தனை டிகிரி என்று எங்கும் சொல்லவில்லை. 1970-களில் ஏழாம் நம்பர் 36, 37 டிகிரி அளவில் இருந்தது. இன்று டைட்லிஸ்ட் டி100 செட்டில் ஏழு 34 டிகிரி, பிங் ஜி430 செட்டில் 29 டிகிரி. இரண்டிலும் ஒரே எண்தான் பொறித்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்துவிட்டு "இது தூரம் போகுது" என்று சொன்னால், நாம் ஒப்பிட்டது உண்மையில் இரண்டு ஏழாம் நம்பர்களை அல்ல.

இதைக் கம்பெனிகளின் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற எஞ்சினியர் 1959-ல் பிங் கம்பெனியைத் தொடங்கி, எடையைத் தலையின் ஓரங்களுக்குத் தள்ளி வைக்கும் முறையைப் பரவலாக்கினார். நடுவில் படாத அடியும் ஓரளவு நேராகப் போக ஆரம்பித்தது அதனால்தான். பிறகு எடையை இன்னும் கீழே இறக்கினார்கள், முகப்பை மெல்லிசாக்கினார்கள். அப்படிச் செய்தால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்பும். அந்த உயரத்தைக் கட்டுக்குள் வைக்க லாஃப்டைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் வேகமாக ஸ்விங் செய்பவருக்கு முழுதாகப் பொருந்தும். மணிக்கு 70 மைல் வேகத்தில் ஏழாம் நம்பரை வீசுபவருக்குப் பாதிதான் பொருந்தும். அவருக்கு லாஃப்ட் குறையக் குறைய பந்தின் சுழற்சி குறைகிறது. பந்து தாழ்வாக வந்து விழுந்து ஓடுகிறது.

அதனால் பந்து பறப்பதை அளக்கும் கருவியின் திரையில் நான் முதலில் பார்ப்பது தூரத்தை அல்ல, பந்து இறங்கும் கோணத்தை. அப்படிப்பட்ட கருவி செய்யும் டிராக்மேன் கம்பெனி வெளியிட்டு வெகுநாளாகப் புழங்கும் சராசரிக் கணக்கில், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளான பிஜிஏ டூரில் ஆடும் ஆண்களின் ஏழாம் நம்பர் காற்றிலேயே 172 யார்டு போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுற்று சுழல்கிறது, 50 டிகிரி கோணத்தில் இறங்குகிறது. எல்பிஜிஏ என்ற தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் பெண்களின் கணக்குதான் நமக்கு இன்னும் உபயோகமானது. அவர்களுடைய ஏழு 141 யார்டுதான் போகிறது; ஆனாலும் 47 டிகிரியில் இறங்குகிறது. கிளப்பின் வேகம் 76 மைல். என்னிடம் வரும் ஆண்களில் பெரும்பாலானவர்களின் வேகம் இதை ஒட்டியோ இதற்குக் கீழேயோதான் இருக்கிறது. ஆண்கள் பலர் தங்களை அந்த முதல் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்வதால்தான் தவறான செட்டை வாங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

45 டிகிரிக்கு மேல் இறங்கினால் பந்து கிரீனில் நிற்கும் என்று நம்பலாம். நம் வங்கிக்காரருடைய புது ஏழு 38 டிகிரியில் இறங்கியது, சுழற்சி 4,300. வெயில் காலத்தில் இறுகிக் கிடக்கும் கிரீனில் அது எப்படி நிற்கும்? முன் விளிம்பில் விழுந்தாலும் பின்பக்கம் உருண்டு ஓடிவிடும். கடையில் கூடக் கிடைத்த பதினைந்து யார்டு, மைதானத்தில் கிரீனுக்குப் பின்னால் போய்க் கிடந்தது.

சரி, அப்படியானால் எப்படிச் சோதிப்பது?

முதலில் வரிசையைச் சரி செய்ய வேண்டும். இதில் விற்பவரும் வாங்குபவரும் தெரியாமலே தவறு செய்கிறார்கள். காரில் இருந்து இறங்கி வந்ததும் உடம்பு இறுகி இருக்கும்போது பழைய கிளப்பில் பத்துப் பந்து அடிக்கிறோம். உடம்பு சூடாகி, கை பழகிய பிறகு புதியதைக் கையில் எடுக்கிறோம். புதியது ஜெயிக்காமல் என்ன செய்யும்! என்னிடம் வருபவர்களை முதலில் இருபது பந்து சும்மா அடிக்கச் சொல்வேன், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம் பழையதில் ஆறு, புதியதில் ஆறு, மறுபடி பழையதில் ஆறு. மூன்றாவது சுற்றில் பழைய கிளப்பின் கணக்கு பெரும்பாலும் உயர்ந்துவிடும். அந்தக் கணக்குக்கும் புதியதன் கணக்குக்கும் நடுவில் மிஞ்சும் வித்தியாசம்தான் உண்மையான வித்தியாசம்.

அடுத்து, மோசமான அடிகளை அழிக்கச் சொல்லாதீர்கள். மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த அடி கணக்கில் இருந்து போய்விடும். அழித்துவிட்டுப் பார்த்தால் சராசரி அழகாக இருக்கும். மைதானத்தில் அந்த அடியை யார் அழிப்பார்கள்? பந்துகள் முன்னும் பின்னும் எவ்வளவு சிதறுகின்றன என்று கேளுங்கள். மெல்லிய முகப்பு கொண்ட சில அயர்ன்களில் பத்து அடியில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட 12, 15 யார்டு கூடப் பறந்துவிடுவதைப் பார்க்கிறேன். வாங்குபவர் அந்த ஒரு அடியைப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார். எனக்கோ அந்த ஒரு அடிதான் கவலை தருகிறது. கிரீனுக்குப் பின்னால் பங்கரோ (மணல் பள்ளமோ) தண்ணீரோ இருந்தால் அது எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

பச்சைப் பாயில் அடிப்பதும் ஏமாற்றும். பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையில் பட்டாலும் பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு முன்னே போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். அதே அடி, வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சென்னை மண்ணில் கிளப்பைப் புதைத்துவிடும். அடிப்பகுதி அகலமான அயர்னா, குறுகியதா என்ற முடிவை மட்டும் பாயில் எடுக்கவே கூடாது. டெமோ கிளப்பை ஒரு நாள் வாங்கிப் புல்லில் அடித்துப் பாருங்கள். தர மறுக்கும் கடையில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பயிற்சி ரேஞ்சில் தேய்ந்துபோன பந்தில் சோதித்த கணக்கையும் நம்ப வேண்டாம். நீங்கள் ஆடும் பந்தில் மூன்று எடுத்துப் போங்கள்.

கடைகளில் பெரும்பாலும் ஏழாம் நம்பர் மட்டும்தான் டெமோவுக்கு வைத்திருப்பார்கள். விடாதீர்கள். ஐந்தையும் பிட்சிங் வெட்ஜையும் கேளுங்கள். ஒரு செட்டின் குணம் அந்த இரண்டு ஓரங்களில்தான் தெரியும். வேகம் குறைந்தவர்களுக்கு இன்றைய ஐந்தாம் நம்பரும் ஆறாம் நம்பரும் ஒரே தூரம் போவதை அடிக்கடி பார்க்கிறேன். ஐந்தில் லாஃப்ட் அவ்வளவு குறைவு. பந்து மேலே ஏறுவதே இல்லை. அப்படியானால் அந்த ஐந்துக்குக் காசு கொடுக்காதீர்கள், அந்த இடத்தில் பந்தை எளிதாக மேலே ஏற்றும் ஹைபிரிட் என்ற கிளப்பை வையுங்கள். பிட்சிங் வெட்ஜின் லாஃப்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உங்களிடம் உள்ள வெட்ஜ்களோடு நாலைந்து டிகிரி இடைவெளியில் அது பொருந்தாவிட்டால், செட்டின் விலையோடு இன்னும் ஒன்றிரண்டு வெட்ஜ் விலையையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

லை கோணம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தடியும் தலையும் சேரும் கோணம் அது. பிங் கம்பெனி இதற்காகவே 1972-ல் வண்ணப் புள்ளி முறையைக் கொண்டு வந்தது. கறுப்புப் புள்ளி என்றால் சாதாரண அளவு. நின்றபடி உயரத்தையும், தரையில் இருந்து மணிக்கட்டு வரையும் அளந்து ஒரு புள்ளியைச் சொல்லலாம். அது தொடக்கம்தான், முடிவு அல்ல. வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு கிளப் முகப்பைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். கோடு முகப்பில் பதியும். அது செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல் முனை கிளப்பின் நுனிப்பக்கம் சாய்ந்தால் அடிக்கும்போது நுனி தூக்கி இருக்கிறது, வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். தடிப்பக்கம் சாய்ந்தால் நேர் எதிர். இந்தக் கோட்டைப் பார்க்காமலே வருடக்கணக்காக ஸ்விங்கை மாற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு இரண்டு டிகிரி வளைத்துக் கொடுத்ததும் பந்து நேரானது. அரை மணி நேர வேலை அது.

ஷாஃப்டில், அதாவது தடியில், அதன் விறைப்பைக் குறித்து எழுதியிருக்கும் ரெகுலர், ஸ்டிஃப் என்ற பெயர்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃபை விட விறைப்பாக இருக்கலாம். எடையைக் கேளுங்கள், அதில் குழப்பம் வராது. டைனமிக் கோல்ட் போன்ற கனமான ஸ்டீல் ஷாஃப்ட் வெட்டுவதற்கு முன் 130 கிராம் அளவில் இருக்கும். நிப்பான் கம்பெனியின் 950 என்ற ஸ்டீல் ஷாஃப்ட் நூறு கிராமுக்குக் கொஞ்சம் கீழே. கிராஃபைட் பெரும்பாலும் 60-லிருந்து 80 வரை. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ ஆசையாக வாங்கி வந்த செட்கள் என்னிடம் நிறைய வருகின்றன. பலவற்றில் அந்த முப்பது வயதுப் பிள்ளைக்கு ஏற்ற ஷாஃப்ட் இருக்கிறது. வாங்கித் தர நினைக்கும் பிள்ளைகளே, அப்பாவை இங்கே ஒரு தடவை அளந்துவிட்டு அந்த அளவை எடுத்துப் போய் வாங்குங்கள். முழங்கை வலியோடு வருபவர்களை முதலில் மருத்துவரிடம்தான் அனுப்புகிறேன். ஆனால் திரும்பி வந்ததும் ஷாஃப்டின் எடையையும் கிரிப்பின் (கைப்பிடி உறையின்) தடிமனையும் கட்டாயம் பார்ப்பேன். நம் ஊர் வியர்வையில் கிரிப் சீக்கிரம் வழுவழுப்பாகிவிடுகிறது, வழுக்கும் கிரிப்பை எல்லாரும் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

தலை ஃபோர்ஜ்டா (அடித்து உருவாக்கியதா), காஸ்ட்டா (வார்த்ததா) என்ற கேள்விக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம். கையில் வித்தியாசம் தெரிந்தால் வாங்குங்கள், தெரியாவிட்டால் அந்தக் கூடுதல் பணம் வெட்ஜுக்குப் போகட்டும்.

போலி செட்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதி விலைக்கு, உறை பிரிக்காமல், பில் இல்லாமல் இணையத்தில் கிடைத்ததாகச் சொல்லி எடுத்து வருகிறார்கள். தராசில் வைத்தால் ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் பெயருக்கும் எடைக்கும் சம்பந்தம் இருக்காது. ஒரு செட்டில் எட்டும் ஒன்பதும் ஒரே லாஃப்டில் இருந்தன. அதைக் கொண்டு வந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியது. அவனிடம் உண்மையைச் சொல்வதற்குள் எனக்கு மனசே கேட்கவில்லை. பழைய செட் வாங்குவதில் தவறே இல்லை; பத்து வருடப் பழைய அசல் செட்டை லாஃப்டும் லையும் சரி பார்த்து வாங்கினால் அது நன்றாகவே உழைக்கும். பணம் கொடுப்பதற்கு முன் யாரிடமாவது அளந்துவிடுங்கள்.

கோடையில் ஊட்டிக்குப் போய் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரம் அது. காற்று அடர்த்தி குறைவு, அதே அடி எட்டு சதவீதம் வரை கூடுதலாகப் போகும். அங்கே கிடைத்த தூரத்தை மனதில் வைத்துச் சென்னையில் செட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வங்கிக்காரர் செட்டைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, கெடு முடிந்திருந்தது. 46 டிகிரியிலும் 51 டிகிரியிலும் இரண்டு வெட்ஜ் சேர்த்தோம். ஐந்தை எடுத்துவிட்டு ஹைபிரிட் வைத்தோம். பை 14-ஐத் தாண்டாமல் இருக்க, அவர் எப்போதாவது மட்டும் எடுக்கும், தூர அடிக்கான ஒரு ஃபேர்வே வுட்டையும் வீட்டில் வைக்கச் சொன்னேன். ஷாஃப்டை இலகுவானதாக மாற்றி, கொஞ்சம் மிருதுவான பந்துக்கு மாறியதில் ஏழாம் நம்பர் இறங்கும் கோணம் 38-லிருந்து 41 ஆனது. அதற்கு மேல் அந்தத் தலையில் வராது என்று அவரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். இப்போது ஏழாம் நம்பரை எடுத்தால் கிரீனுக்குப் பத்து யார்டு முன்னால் இறக்கி ஓடவிடுகிறார். தொண்ணூறு யார்டில் 51-ஐ எடுக்கிறார். வெட்ஜ்களின் லாஃப்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சரி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாயில் அடித்து அடித்து ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்துவிடும். அடுத்தது தை மாதம் வருகிறார்.