கூலிங் டவருக்கு எஸ்டிபி தண்ணீர்: அனுமதித் தாளில் விட்டுப்போவது

வாளையாறு தாண்டினால் கஞ்சிக்கோடு. இன்டக்‌ஷன் பர்னஸ் (மின்சாரத்தில் இரும்பு உருக்கும் உலை), ரோலிங் மில் என்று, சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் கூலிங் டவர் ஓடும் ஷெட்டுகள் நிறைந்த இடம். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதைவிட, சுத்திகரித்த கழிவுநீரை டவருக்கு விடலாம், நல்ல யோசனைதான். ஆனால் ‘எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ரிப்போர்ட் பாஸ்’ என்ற ஒரே தாளை நம்பி அனுமதி தந்துவிடுவதில்தான் கோளாறு. அந்தத் தண்ணீரை ஆற்றில் விடலாமா என்பதற்குத்தான் அது பதில்.

அமோனியாவையே பாருங்கள். ஆற்றில் விட, அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை பொது விதி ஒத்துக்கொள்கிறது. டவர் தண்ணீர் ஓடும் பித்தளைக் குழாய் கண்டென்சரில் (நீராவியைக் குளிர்விக்கும் கருவி) 2 மில்லிகிராமைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் குழாயைத் தகட்டில் விரித்துப் பொருத்திய இடத்தில், தலைமுடி மாதிரி விரிசல் விடும்.

குளோரினையும் அமோனியா தின்றுவிடும். 1 மில்லிகிராமுக்கு ஏட்டுக் கணக்கில் 7.6 மில்லிகிராம் குளோரின்; நடைமுறையில் 8 முதல் 10. அமோனியா 20 மில்லிகிராம் இருந்தால் ஹைப்போவை (குளோரின் கரைசல்) கேன் கேனாக ஊற்றினாலும், கிருமியைக் கொல்லும் ஃப்ரீ குளோரின் நிற்காது. குளோரின் பார்க்கும் ஓடிஓ சொட்டு விட்டால் மஞ்சள் வரும், ஆபரேட்டர் திருப்தியாகிவிடுவார். அது, அமோனியாவோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனையும் சேர்த்துக் காட்டும் மஞ்சள். டிபிடி சோதனைக் கிட்தான் ஃப்ரீ குளோரினைத் தனியாகக் காட்டும். அமோனியாவை எஸ்டிபியில் காற்று செலுத்தும் ஏரேஷனிலேயே தீர்ப்பதுதான் மலிவு.

ஃப்ரீ குளோரின் இல்லாத பேசினில் (டவரின் அடித்தொட்டி), 25 முதல் 45 டிகிரிக்குள் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி பெருகும். டவரின் சாரலைத் தடுக்கும் ட்ரிஃப்ட் எலிமினேட்டர் உடைந்திருந்தால் அந்தச் சாரல் பக்கத்து ஷெட்வரை போகும். எலிமினேட்டர் சோதனையும் அனுமதி நிபந்தனையில் வர வேண்டும்.

அடுத்தது செறிவு, அதாவது தண்ணீர் ஆவியாகி மிஞ்சும் உப்பு எத்தனை மடங்கு சேர்கிறது என்பது. மணிக்கு 100 கன மீட்டர் சுழன்று 5 டிகிரி இறங்கினால் சுமார் 0.77 கன மீட்டர் ஆவியாகும். 3 மடங்கு செறிவில் ஓட்டினால் ப்ளோடவுன் (உப்பு ஏறியதால் வெளியே விடும் தண்ணீர்) 0.38, 5 மடங்கில் 0.19. தண்ணீர் மிச்சம்தான். ஆனால் மேக்கப்பில் (டவருக்குப் புதிதாக விடும் தண்ணீர்) 200 பிபிஎம் இருந்த குளோரைடு, 5 மடங்கில் பேசினில் 1,000 ஆகிவிடும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் (வெப்பம் மாற்றும் தகட்டுக் கருவி) குழிக்குழியாக அரிக்கும்.

பர்னஸ் காயிலின் மூடிய சுற்றுக்கு இந்தத் தண்ணீர் கூடவே கூடாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், லீக்கேஜ் ட்ரிப் ஆகும். அங்கே டிஎம் தண்ணீர் (உப்பு நீக்கியது)தான்.

குடிநீர் லைனையும் அதே பேசினுக்கு ஸ்டாண்ட்பையாக இழுத்திருந்தால், குழாய் வாய் பேசின் விளிம்புக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும். மூழ்கினால் பிரஷர் விழும் நேரத்தில் பேசின் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் ஏறிவிடும்.

மேக்கப்புக்கு ஒன்று, ப்ளோடவுனுக்கு ஒன்று என்று இரண்டு மீட்டரும் கட்டாயமாக்க வேண்டும். இப்போது பல இடங்களில் முதல் மீட்டர் மட்டும்தான். மழைநீர் ஓடை வழியாகக் கோரையாற்றுக்கு எவ்வளவு ப்ளோடவுன் போகிறது என்று சோதனைக்கு வருகிறவர் கேட்டால், காட்ட ஒரு எண்கூட இருக்காது.