மாலாக் யார் வீட்டுப் பிள்ளை?

2003 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் எஸ்.சி.ஓ. குரூப் என்ற நிறுவனம் ஒரு கூட்டம் நடத்தியது. யூனிக்ஸ் என்ற பழைய கணினி இயங்குதளத்தின் உரிமை தன்னுடையது என்றும், அதன் நிரல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்துவிட்டது என்றும் சொல்லி, அந்த ஆண்டு மார்ச்சில்தான் அது ஐபிஎம் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டிருந்தது. ஆதாரம் எங்கே என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரம். கூட்டத்தில் சில வரிகளைத் திரையில் காட்டினார்கள். முழுதாகக் காட்டவும் மனமில்லை. ஒரு பகுதியைக் கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றிப் போட்டார்கள். எழுத்துருவை மாற்றினால் ரகசியம் காப்பாற்றப்படும் என்று யார் நினைத்தார்களோ!

திரையைப் படம் பிடித்தவர்கள் வெளியிட்டார்கள். சில நாள்களிலேயே அந்த வரிகளின் பூர்வீகம் தெரிந்துவிட்டது.

காட்டியவற்றில் ஒன்று மாலாக் என்ற செயற்கூறு. நினைவகத்தில் காலி இடம் தேடிக் கொடுப்பது அதன் வேலை. கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து நாலு இலை காலியாக இருக்கிறதா என்று முதல் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, கிடைத்த முதல் இடத்தில் ஒரு குடும்பத்தை உட்காரவைப்பார்களே, அதே முறைதான். காலி இடங்களின் பட்டியலை வரிசையாகப் பார். போதுமான அளவுள்ள முதல் இடத்தில் தேவையானதை வெட்டிக்கொடு. மீதியைப் பட்டியலில் விட்டுவை. மொத்தம் இருபது வரிகூட வராது.

இந்தச் சின்னஞ்சிறு துண்டுக்கு முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் இதன் தலையில் உள்ள கமென்ட், அதாவது படிப்பவருக்கான விளக்கக் குறிப்பு, மூன்றே வாக்கியம். 1979-இன் ஏழாம் பதிப்பில் அது நீண்டுவிட்டது: முகவரிகள் ஏறுவரிசையில் இருக்கும், பட்டியல் பூஜ்ய அளவில் முடியும் என்று கூடுதலாகச் சொல்கிறது. லினக்ஸில் கிடைத்த துண்டிலும் இந்தக் கூடுதல் வரிகள் இருந்தன. ஆக, அது ஆறாம் பதிப்பிலிருந்து நேராக வந்திருக்க முடியாது. ஏழாம் பதிப்போ அதன் வாரிசுகளில் ஒன்றோதான் மூலம். சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பாடபேதத்தை வைத்து எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று சொல்வார்களே, அந்த வித்தைதான் இங்கேயும்.

கமென்டை விடுங்கள், நிரலே தன் வயதைச் சொல்லும். ஆறாம் பதிப்பின் மாலாக்கில் ஒரு எண்ணோடு இன்னொன்றைக் கூட்டிச் சேமிக்க =+ என்று எழுதியிருக்கிறார்கள். ஏழாம் பதிப்பில் அது += ஆகிவிட்டது. பழைய முறையில் x=-1 என்று எழுதினால் மைனஸ் ஒன்றை வைக்கச் சொல்கிறோமா, ஒன்றைக் கழிக்கச் சொல்கிறோமா என்ற குழப்பம் வரும். அதனால் யூனிக்ஸ் எழுதப்பட்ட சி மொழியையே திருத்தினார்கள். இன்னொரு தடயம் எனக்கு இன்னும் பிடித்தது. ஆறாம் பதிப்பில், காலி இடத்தின் அளவைக் குறிக்கும் மாறி எண்ணாக அறிவிக்கப்படவில்லை. எழுத்தைச் சுட்டும் பாயின்டராக, அதாவது நினைவக முகவரியாக, அறிவிக்கப்பட்டிருக்கிறது. முதன்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். காரணம் எளிது: அன்றைய சி மொழியில் குறியில்லா (எதிர்மறையே ஆகாத) முழு எண் என்ற வகையே கிடையாது. 16 பிட்டில் சாதாரண எண் 32,767-ஐத் தாண்டினால் எதிர்மறையாகிவிடும். பாயின்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் அளவுக்குப் பாயின்டர் வேஷம் போட்டார்கள். மொழியில் அந்த வகை வந்ததும் ஏழாம் பதிப்பில் வேஷம் கலைந்தது.

சிரிப்பு வரவழைக்கும் செய்தி ஒன்று. ஏழாம் பதிப்பு வரையிலான பழைய யூனிக்ஸ்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 2002 ஜனவரியில் தாராளமான உரிமத்தோடு திறந்துவிட்ட நிறுவனம் கால்டெரா. பிறகு பெயரை மாற்றிக்கொண்டு எஸ்.சி.ஓ. குரூப் ஆனதும் அதே கால்டெராதான்.

இதுவரை பதிப்பு, பதிப்பு என்று தயங்காமல் எழுதிவிட்டேன். உண்மையில் வம்சாவளி தேடுவோருக்கு வரும் முதல் சங்கடமே அந்தச் சொல்தான். நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், ஏடி&டி நிறுவனத்தின் ஆய்வகமான பெல் லேப்ஸில், 1969-இல் கென் தாம்சன் ஒரு பிடிபி-7 கணினியில் தொடங்கிய வேலை இது. டென்னிஸ் ரிட்சியும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்று போல் எண் போட்டு மென்பொருள் வெளியிடும் வழக்கம் அங்கே இல்லை. எண் போடப்பட்டது மேனுவலுக்கு! 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட மேனுவல்தான் முதல் பதிப்பு. அடுத்த மேனுவல் அச்சாகும்வரை நிரல் தினமும் மாறிக்கொண்டே இருந்தது. யாராவது கேட்டால், அன்று வட்டில் என்ன இருந்ததோ அதைத்தான் டேப்பில் ஏற்றி அனுப்பினார்கள். ஆகவே ஒரே பதிப்பின் இரண்டு டேப்புகள் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பதிப்புகளை வைத்து வம்ச மரம் வரைவது ஆற்றைப் படி வைத்து அளப்பது போலத்தான். கோப்பு கோப்பாக, வரி வரியாகத்தான் தேட வேண்டும்.

கோப்பில் தேதி இருக்குமே என்று கேட்கலாம். அதுவும் காலை வாரும். முதல் பதிப்பு யூனிக்ஸ் நேரத்தை 1971 ஜனவரி 1 முதல் நொடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது. 32 பிட் எண்ணி இந்த வேகத்தில் சுமார் 828 நாளில் நிரம்பிவிடும், பிறகு பூஜ்யம். அதைச் சமாளிக்கத் தொடக்க நாளை நகர்த்தினார்கள், ஒருமுறை அல்ல. கடைசியில்தான் 1970 முதல் முழு நொடிகளில் எண்ணும் இன்றைய முறை வந்தது. பழைய டேப்பில் உள்ள ஒரு தேதியை எந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணுவது என்று தெரியாவிட்டால் ஆண்டே மாறிப்போகும்.

பல பதிப்புகளுக்கு டேப்பே மிஞ்சவில்லை. முதல் பதிப்பின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, 1972-இல் காகிதத்தில் அச்சிட்ட பட்டியலாகத்தான் கிடைத்தது. அதை ஸ்கேன் செய்து, எழுத்துணரி விட்ட பிழைகளைக் கையால் திருத்தி, 2008-இல், பழைய கணினியைப் போல் நடிக்கும் சிமுலேட்டரில் ஓடவிட்டார்கள். பிடிபி-7 யூனிக்ஸும் இப்படித்தான் 2016-இல் காகிதத்திலிருந்து எழுந்தது.

ரிட்சி பாதுகாத்துக் கொடுத்த 1973-ஆம் ஆண்டு கெர்னல் ஒன்று உண்டு. கணினிக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் இருந்த கெர்னலைச் சி மொழிக்கு மாற்றிய காலத்தைச் சேர்ந்தது. நான்காம் பதிப்புக்குச் சற்று முந்தியது. அதில் பைப் வசதி கிடையாது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாகத் திருப்பும் அந்த வசதி அதற்குப் பிறகுதான் வந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 1973 பிப்ரவரியின் மூன்றாம் பதிப்பு மேனுவலிலேயே பைப் விளக்கப்பட்டிருக்கிறது. அசெம்பிளிக் கெர்னலில் அது வந்துவிட்டது. சி மொழியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த புதிய கெர்னல் இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை. பிந்திய தேதி, முந்திய நிலை.

கையால் ஒப்பிடுவது ஓரளவுக்குத்தான். லட்சக்கணக்கான வரிகளுக்குக் கருவி வேண்டும். எரிக் ரேமண்ட் எழுதிய கருவி மூன்று மூன்று வரியாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நிரலை நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் ஒரு கைரேகை எண் கணக்கிடும். இரண்டு மூலங்களிலும் ஒரே எண் வந்தால் மணி அடிக்கும். வேகமானது, ஆனால் ஒரு மாறியின் பெயரை மாற்றினாலே ஏமாந்துவிடும். பழைய யூனிக்ஸ்களைச் சேகரித்துக் காப்பாற்றிவரும் ஆஸ்திரேலியர் வாரன் டூமி வேறு வழி பிடித்தார். நிரலைச் சொற்கூறுகளாக உடைத்து, பெயர்களை விட்டுவிட்டு வடிவத்தை ஒப்பிட்டார். ஓரிடத்தில் ராமன், சீதை, ராமன் என்றும் இன்னோரிடத்தில் கோவலன், கண்ணகி, கோவலன் என்றும் வந்தால், ஆள்தான் வேறு, அமைப்பு ஒன்றே என்று இந்த முறை கண்டுபிடிக்கும். மூடிய நிரலை வெளியே காட்டாமலே ஒப்பிடலாம் என்பது கூடுதல் வசதி.

ஆனால் கருவி ஒற்றுமையைத்தான் காட்டும். உறவையோ, யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதையோ சொல்லாது. பெர்க்லி பல்கலைக்கழகம் யூனிக்ஸிலிருந்து வளர்த்தெடுத்த பி.எஸ்.டி. மீது 1992-இல் ஏடி&டியின் யூனிக்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. சமரசம் 1994-இல் வந்தபோது, ஏறக்குறைய 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று. எதிர்வழக்கில் வெளிவந்தது இன்னும் சுவை: பெர்க்லியின் நிரலைத் தன் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸுக்குள் எடுத்துப்போட்ட ஏடி&டி, அதிலிருந்த பல்கலைக்கழகத்தின் உரிமை அறிவிப்பை எடுத்துவிட்டிருந்தது.

உறவை உறுதிப்படுத்துவது சரியான வரி அல்ல, கோணல் வரி. சரியாக எழுத எல்லோராலும் முடியும். ஒரே மாதிரி கோணலாக எழுத இரண்டு பேரால் முடியாது. 2003 டிசம்பரில் எஸ்.சி.ஓ. தன்னுடையவை என்று பட்டியலிட்ட கோப்புகளில் எழுத்து வகைகளுக்கான தலைப்புக் கோப்பும் ஒன்று. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 1991 நிரலை எடுத்துக் காட்டினார். அதில், சிறிய ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் மேக்ரோ என்ற குறுநிரல் ஒரு பொது மாறியை இரவல் வாங்கி வேலை செய்கிறது. அசிங்கமான உத்தி, யூனிக்ஸில் இல்லாதது. அவருடையது என்பதற்கு அந்த அசிங்கமே சாட்சி.

ஏதென்ஸைச் சேர்ந்த டியோமிடிஸ் ஸ்பினெலிஸ் யூனிக்ஸின் வரலாறு மொத்தத்தையும், மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் ஒரே களஞ்சியத்தில் கோத்தார். 1972-இன் 5,000 வரிக் கெர்னலில் தொடங்கி, 2015-இல் 2.6 கோடி வரி கொண்ட, பி.எஸ்.டி. வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி வரை, சுமார் 6,59,000 கமிட்டுகள், அதாவது மாற்றப் பதிவுகள். மிஞ்சிய நகல்களை மட்டும் வைத்து, நடுவில் நடந்திருக்க வேண்டிய கிளைப்பையும் சேர்க்கையையும் செயற்கையாக உருவாக்கினார். இப்போது ஏதாவது ஒரு வரியைக் காட்டி எப்போது, யாரால் வந்தது என்று கேட்டால், எழுபதுகள் வரை போய்ப் பதில் கொண்டுவருகிறது.

அந்தச் சங்கிலியில் ஓட்டை நான்காம் பதிப்பு. ரிட்சியின் கெர்னலும் மேனுவலும் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 2025-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சேமிப்பறையைச் சுத்தம் செய்தபோது பழைய டேப் ஒன்று அகப்பட்டது. கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் டிசம்பரில் அதைப் படித்தார்கள். உள்ளே முழு நான்காம் பதிப்பு. மேலே ஒட்டியிருந்த சீட்டில் கையால் எழுதியிருந்தது: பெல் லேப்ஸிலிருந்து வந்த அசல் யூனிக்ஸ், வி4. வடிவத்துக்கு மேனுவலைப் பார்க்கவும்.