டியூப்லைட்டில் பிடித்த ஸ்கேன்

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெரியப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். பழைய வண்ணாரப்பேட்டையில் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். பிலிமை டியூப்லைட் முன்னால் பிடித்துப் போட்டோ எடுத்து, மதுரையில் ரேடியாலஜி டாக்டராக இருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"டியூப்லைட் நல்லாத் தெரியுது. சிடியை அனுப்புடா" என்றார். (ஸ்கேனும் சிடி, தட்டும் சிடி. அவர் கேட்டது தட்டு.)

ஸ்கேன் மெஷின் முதலில் தருவது படம் இல்லை, எண்கள். உடம்பைச் சுற்றிவரும் எக்ஸ்ரே எங்கே எவ்வளவு தடைபட்டது என்று கணினி கணக்குப் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீர் 0. காற்று -1000. கெட்டி எலும்பு +1000-ஐயும் தாண்டும். 1971-இல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்த கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான் இந்த அளவுக்கு. ஒரு குறுக்குவெட்டில் 512-க்கு 512 புள்ளிகள். அதுவே அரை எம்பி. 300 வெட்டு என்றால் 150 எம்பி.

சாதாரணத் திரை காட்டுவதோ 256 சாம்பல் நிறங்கள். ஆயிரக்கணக்கான எண்களை அதற்குள் அடைத்தால், மீன் பெட்டி நிறுக்கும் தராசில் ஒரு கைப்பிடி நெத்திலியை வைத்த கதைதான், முள் அசையாது. அதனால் டாக்டர் ஒரு பகுதியை மட்டும் விரித்துப் பார்ப்பார். நுரையீரலுக்கு ஏறக்குறைய -1350 முதல் +150 வரை. அதற்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. மவுஸை இழுத்தால் எலும்புக்கு மாறிக்கொள்ளலாம். பிலிமில் இழுக்க முடியாது, அச்சடித்தது அச்சடித்ததுதான். அதையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுருக்கினால் மிச்சம் என்ன இருக்கும்?

இங்கே எடுத்தது மதுரையில் திறப்பதும் சும்மா இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தனக்கென்று ஒரு பாஷை பேசியது. 1985-இல் ஒரு பொதுவிதி வந்தது. 1993 முதல் அதற்கு டைகாம் என்று பெயர். நோயாளியின் பெயர், தேதி, மெஷின் விவரம் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். கோப்புக்கு வேறு பெயர் வைத்தாலும் உள்ளே பெரியப்பா பெரியப்பாதான்.

தட்டில் இருந்ததை ராத்திரியே ஏற்றி அனுப்பினேன். வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிலிமில் பார்த்தால் சதையா, வேறெதுவா என்று சொல்ல முடியாது. அண்ணன் அதன்மேல் மவுஸை வைத்தார்: 400-க்கு மேல். சதை 50-ஐச் சுற்றி இருக்கும். "சுண்ணாம்பு படிஞ்ச பழைய தழும்பு. இருமல் இதனால இல்ல" என்றார்.

பெரியப்பா யோசித்தார். "வெத்தலைக்கே நான் சுண்ணாம்பு தடவுனதில்லையேடா."