வைட் தீவு: ஒரு பாறை மடிப்பு வகுத்த கரைகளும் வழிகளும்

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே, சோலென்ட் என்னும் குறுகிய நீரிணைக்கு அப்பால், ஏறத்தாழச் சாய்சதுர வடிவில் அமைந்திருக்கிறது வைட் தீவு. கிழக்கு மேற்காகச் சுமார் 37 கிலோமீட்டரும் வடக்குத் தெற்காகச் சுமார் 21 கிலோமீட்டரும் கொண்ட இத்தீவில் ஏறத்தாழ 1,40,000 பேர் வாழ்கிறார்கள். விக்டோரியா அரசி இங்குள்ள ஆஸ்பர்ன் மாளிகையைத் தம் குடும்பத்தின் ஓய்விடமாக்கிக் கொண்ட 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இது விடுமுறைத் தீவாகப் பெயர்பெற்றது. கப்பல்கள் ஏன் வடகரையில் மட்டும் வந்து சேர்கின்றன, குளிப்பதற்கேற்ற மணற்கரை ஏன் கிழக்கில் நீண்டு கிடக்கிறது, தென்கரைச் சாலைகள் ஏன் அடிக்கடி பிளந்து சரிகின்றன என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, பெரும்பாலும், தீவின் நடுவே ஓடும் ஒரே ஒரு பாறை மடிப்பில் இருக்கிறது.

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் இப்பகுதி வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசியினங்களின் சுண்ணாம்புத் தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் படிந்து, நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள சீமைச்சுண்ணாம்புப் பாறையாக இறுகின. அதன்மீது பின்னர் மணலும் களிமண்ணும் படிந்தன. ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய அதே நிலத்தட்டு நெருக்குதல் வெகுதொலைவிலுள்ள இப்பகுதியையும் எட்டியபோது, தரையில் விரித்த பாயை ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் நடுவில் மேடு எழுவதைப் போல, கிடையாக இருந்த அடுக்குகள் மடிந்து எழுந்தன. மடிப்பின் வடபுறம் மிகவும் செங்குத்தாக அமைந்தது. மேற்பகுதி காலப்போக்கில் அரிக்கப்பட்டபின், செங்குத்தாக நிமிர்ந்த சுண்ணாம்புப் பாறை மட்டும் மேற்கே நீடில்ஸ் முனையிலிருந்து கிழக்கே கல்வர் முனைவரை ஒரு முதுகெலும்பாக எஞ்சி நிற்கிறது. அதற்கு வடக்கே இளைய களிமண்ணும் மணலும். தெற்கே, மடிப்பின் உச்சி அரிக்கப்பட்டதால் வெளிப்பட்ட, சுண்ணாம்பைவிட மூத்த பாறைகள்.

இதைப் புரிந்துகொள்ள ஆலம் விரிகுடாவைவிடச் சிறந்த இடம் தீவில் இல்லை. பாறைச் சரிவின் மேலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் இருக்கைகள் பயணிகளைக் கடற்கரையில் இறக்கிவிடுகின்றன. அங்கே இடப்பக்கம் வெண்ணிறச் சுண்ணாம்புச் சுவர் நிற்கிறது. அதையடுத்து வெளிர்மஞ்சள், காவி, செங்கல் நிறம், சாம்பல் எனப் பல நிறங்களில் மணலடுக்குகள் பக்கம்பக்கமாகச் செங்குத்தாக நிற்கின்றன. பெரும்பாலும் இரும்புச் சேர்மங்கள் வெவ்வேறு அளவில், வெவ்வேறு நிலையில் கலந்திருப்பதே இந்நிற வேறுபாடுகளுக்குக் காரணம். வேறிடங்களில் ஓர் அடுக்கிலிருந்து அதைவிட இளைய அடுக்குக்குச் செல்ல மேலே ஏறவேண்டும். இங்கோ கரையோரமாக வடக்கு நோக்கி நடந்தாலே போதும். ஒவ்வொரு நிறமும் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஏதோ ஒரு கடலின் அல்லது ஆற்று முகத்துவாரத்தின் தரை என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிறிய நடை மறக்கமுடியாத ஒன்றாகிவிடும்.

சுண்ணாம்பு முதுகு கடலுக்குள் இறங்கும் இடத்தில் நிற்கும் மூன்று வெண்ணிறப் பாறைத் தூண்களே நீடில்ஸ். ஊசிபோல் மெலிந்து உயர்ந்திருந்த நான்காவது தூண் 1764-இல் ஒரு புயலில் சரிந்து விழுந்தது. அதன் இடைவெளி இன்றும் வரிசையில் தெரிகிறது. கடைசித் தூணின் அடியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1859-இல் கட்டி முடிக்கப்பட்டது. இதே முதுகு முற்காலத்தில் மேற்கே டார்செட் கரையிலுள்ள பர்பெக் மேடுவரை தொடர்ந்திருந்தது. அதற்கு வடக்கே, இன்றைய சோலென்ட் இருக்கும் இடத்தில், ஒரு பெரிய ஆறு கிழக்கு நோக்கி ஓடியது. முதுகின் அந்த மேற்குப் பகுதி அரிக்கப்பட்டு உடைந்தது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது ஆற்றுப் பள்ளத்தாக்கு மூழ்கி, மேட்டுநிலம் தீவாயிற்று.

இதற்கான சான்று வடமேற்குக் கரையில் பௌல்ட்னர் என்னுமிடத்தில் நீருக்குச் சுமார் 11 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1999-இல் அங்கே மூழ்கிய ஆய்வாளர்கள், ஒரு சிங்கி இறால் தன் வளையைச் சுத்தம் செய்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த கற்களைக் கண்டார்கள். அவை மனிதர் செதுக்கிய சிக்கிமுக்கிக் கற்கள். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே உலர்நிலத்தில் மக்கள் வாழ்ந்தார்கள் என்பது அதன்பின் உறுதியாயிற்று.

மூழ்கிய பள்ளத்தாக்காகிய சோலென்ட், கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதத்தின் போக்கால் மாலுமிகளிடையே பெயர்பெற்றது. வடக்கே அமைந்த சவுத்தாம்ப்டனில் உயர் ஓதம் சுமார் இரண்டு மணிநேர இடைவெளியில் இரட்டை உச்சமாக நிகழ்கிறது. தீவின் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு கடல்நீர் இருமுறை வந்து சேர்வதே இதற்குக் காரணம் என்று பலகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது சரியன்று. தீவுக்கு மேற்கே, சோலென்டுக்கு வெளியே உள்ள பூல் துறைமுகத்திலும் இதே இரட்டை உச்சம் காணப்படுகிறது. உண்மையான காரணம், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலாகிய ஆங்கிலக் கால்வாய் முழுவதற்கும் உரியது. நாளுக்கு இருமுறை எழுந்து தாழும் முதன்மை ஓத அலை ஆழமற்ற கடலில் செல்லும்போது உருச்சிதைந்து, நாளுக்கு நான்கு முறையும் ஆறு முறையும் எழும் சிற்றலைகளைத் தோற்றுவிக்கிறது. மற்ற இடங்களில் முதன்மை அலை மிகப் பெரியதாக இருப்பதால் இச்சிற்றலைகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கால்வாயின் நடுப்பகுதியான இங்கே முதன்மை அலை ஒப்பளவில் சிறியது என்பதால், அதன் உச்சியைத் தட்டையாக்கவும் இரண்டாகப் பிளக்கவும் அவற்றால் முடிகிறது. நிறைநீர் நெடுநேரம் நிலைத்து நிற்பது பெரிய கப்பல்களுக்கு மிகவும் வசதியானது.

தீவுக்குப் பாலமோ சுரங்கப்பாதையோ கிடையாது. கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் சவுத்தாம்ப்டனிலிருந்து கிழக்குக் கௌஸுக்கும், போர்ட்ஸ்மத்திலிருந்து ஃபிஷ்போர்னுக்கும், லிமிங்டனிலிருந்து யார்மத்துக்கும் செல்கின்றன. பயணம் ஏறத்தாழ 40 நிமிடம் முதல் ஒரு மணிநேரம்வரை ஆகும். வந்துசேரும் மூன்று இடங்களும் வடகரையின் மென்மையான மண்ணில் அமைந்த, கடல் புகுந்த கழிமுகங்கள். தென்கரையிலோ திறந்த கடலின் அலையும் சரியும் பாறைச் சுவர்களும் மட்டுமே உள்ளன.

அதே வடகரையிலுள்ள ரைட் நகரின் நிலை வேறு. அங்கே நீர் வற்றும்போது மணல்வெளி வெகுதூரம் வெளிப்பட்டுவிடும். படகில் வந்தவர்களைச் சுமந்தும் வண்டியிலேற்றியும் கரைசேர்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் 1814-இல் கடலுக்குள் நீளும் இறங்குபாலம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் 681 மீட்டர். அதே மணல்வெளி ஹோவர்கிராஃப்டுக்குத் தடையே இல்லை. காற்று மெத்தைமேல் மிதந்து செல்லும் அந்த ஊர்தி, எதிர்க்கரையிலுள்ள சவுத்சீயிலிருந்து பத்து நிமிடத்தில் கடலைக் கடந்து நேரே கரையேறி நின்றுவிடும். உலகின் முதல் முழு அளவு ஹோவர்கிராஃப்ட் இத்தீவின் கௌஸ் நகரில்தான் கட்டப்பட்டு, 1959-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. இறங்குபாலத்தின் முனையிலிருந்து ஷாங்க்லின்வரை ஒரு சிறிய ரயில்பாதையும் உண்டு. ரைட் சுரங்கத்தின் கூரை மிகத் தாழ்வாக இருப்பதால், லண்டன் நிலத்தடி ரயில்பெட்டிகளே இங்கு மறுவாழ்வு பெற்று ஓடுகின்றன.

அந்த ரயில் சென்றுசேரும் சாண்டவுன் விரிகுடாவே குடும்பங்களுக்கேற்ற மணற்கரை. கல்வரின் கடினமான சுண்ணாம்பு முனைக்குத் தெற்கே இருந்த இளகிய மணற்பாறையைக் கடல் அரித்தெடுத்ததால் இந்த வளைவு உருவாயிற்று.

தெற்கே பான்சர்ச் முதல் பிளாக்கேங் வரை சுமார் 12 கிலோமீட்டருக்கு நீளும் அண்டர்கிளிஃப் பகுதி தனிக்கவனத்துக்குரியது. இங்கே சுண்ணாம்பும் பச்சைமணற்பாறையும் மேலே, வழுக்கும் களிமண் கீழே. அடுக்குகள் கடலை நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. மழைநீர் மேலடுக்குகளின் வழியே இறங்கிக் களிமண்ணை அடைந்ததும் மேற்கொண்டு செல்ல வழியின்றித் தேங்க, மேலுள்ள பாறை மொத்தமாக வழுக்கத் தொடங்குகிறது. சரிந்த மண்ணைக் கடல் அடியிலிருந்து அள்ளிச் சென்றுவிடுவதால் இது ஓய்வதில்லை. உள்ளூரார் அக்களிமண்ணைப் ‘புளூ ஸ்லிப்பர்’ என்று அழைக்கிறார்கள். பழைய சரிவுகளின் படிக்கட்டு நிலத்தின்மீதுதான் வென்ட்னர் நகரமே எழுந்திருக்கிறது. வடகாற்றைப் பின்னாலுள்ள குன்று தடுக்க, வெயில் தெற்கிலிருந்து நேரே விழுவதால் ஊர் எப்போதும் சற்றே இதமாக இருக்கும். அந்த இதத்தை நாடியே 19-ஆம் நூற்றாண்டில் நெஞ்சுநோயாளிகளுக்கு இங்கே மருத்துவமனை அமைத்தார்கள். இன்று அதே இடத்தில் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. 1928-இல் ஒரு பெருஞ்சரிவு பிளாக்கேங் அருகே கடற்கரைச் சாலையைக் கொண்டுசென்றது; 2023 டிசம்பரில் பான்சர்ச்சில் மீண்டும் பெரிய அளவில் நிலம் சரிந்தது. ஆகவே தென்கரையில் பழைய வரைபடத்தை நம்பி நடக்கக்கூடாது. மூடப்பட்ட பாதைகளின் அறிவிப்பை அன்றன்றே பார்க்கவேண்டும்.

தென்மேற்கில் காம்ப்டன் விரிகுடாவை அடுத்த ஹனோவர் முனையில், நீர் வற்றிய நேரத்தில், மூன்று விரல் கொண்ட டைனோசர் பாதத்தின் வார்ப்புகள் பெரிய கற்களாகக் கரையில் கிடப்பதைக் காணலாம். மென்மையான சேற்றில் பதிந்த குழிகளை மணல் நிரப்பி இறுகியபின், சுற்றிலுமுள்ள களிமண் கரைந்துபோக, மணல் வார்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓத அட்டவணையில் தாழ் ஓத நேரத்தைப் பார்த்து, அதற்குச் சற்று முன்னதாகவே இறங்கி, நீர் ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும்; பாறைச் சுவரின் அடியில் மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கவோ அமரவோ கூடாது.