மிகையூட்டம்: யூட்ரோபிகேஷன் என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

வயலில் இட்ட உரத்தின் ஒரு பகுதி மழைநீரில் கரைந்தோ மண்துகளில் ஒட்டிக்கொண்டோ ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே அது பாசியையும் நீர்க்களைகளையும் அளவுகடந்து வளர்க்கிறது. அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது, மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன, குடிநீராக்குவதற்கும் அந்த நீர் எளிதில் இசைவதில்லை. இந்தத் தொடர்நிகழ்வு முழுவதற்குமான பெயர்தான் யூட்ரோபிகேஷன். வீட்டுக் கழிவுநீரும் சலவைத்தூளும்கூட இதே விளைவைத் தரும் என்றாலும், பல நாடுகளில் இன்று இதற்கான முதன்மைக் காரணங்களுள் உழவு நிலமும் கால்நடைப் பண்ணையும் வைத்து எண்ணப்படுகின்றன.

தமிழில் இதற்கு ஒரே பெயர் நிலைபெறவில்லை. இலங்கைப் பாடநூல்களில் ‘நற்போசணையாக்கம்’ என்பது வழங்குகிறது. தமிழ்நாட்டு எழுத்துகளில் ‘மிகையூட்டம்’, ‘மிகையுணவூட்டம்’ என்பவற்றைக் காண்கிறோம். ‘தூர்ந்துபோதல்’ என்று எழுதுவோரும் உண்டு, செய்திகளிலோ ‘பாசி படர்ந்தது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இவை ஒரே பொருளைச் சுட்டும் பல பெயர்கள் என்று கொள்வது சரியன்று. ஒவ்வொன்றும் அந்த நீண்ட தொடர்நிகழ்வின் ஒவ்வொரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எந்தக் கண்ணிக்குப் பெயரிடுகிறோமோ அந்தக் கண்ணியில்தான் தீர்வையும் தேடுகிறோம் என்பதால், இங்கே சொல்லாய்வு வெறும் மொழித்தூய்மைப் பணியாக நின்றுவிடுவதில்லை.

மூலச்சொல் கிரேக்கம். ‘யூ’ என்பது ‘நன்கு’ என்னும் பொருள்தரும் முன்னொட்டு, ‘திரொபே’ என்பது ஊட்டம். இரண்டும் சேர்ந்தால் ‘நன்கு ஊட்டம் பெற்ற’ என்றாகும். ‘திரொபே’ பிறந்த ‘திரெபோ’ என்னும் வினைக்கு ஊட்டி வளர்த்தல் என்பதோடு, பால் முதலியவற்றைத் திரளச் செய்தல், உறையச் செய்தல் என்ற பழம்பொருளும் உண்டு. பச்சைக் கூழாகத் திரண்டு கிடக்கும் ஓர் ஏரியைப் பார்த்தவர்க்கு இந்தத் தற்செயல் பொருத்தம் வியப்பளிக்கும், ஆனால் சொல்லை ஆக்கியவர்கள் இதை எண்ணி ஆக்கவில்லை.

ஆக்கியவர்கள் நீர்மாசு ஆய்வாளர்களும் அல்லர். செருமானியத் தாவரவியலாளர் கார்ல் ஆல்பர்ட் வேபர் 1907-இல் சதுப்புநிலக் கரிமண்ணை அதன் ஊட்ட அளவின்படி வகைப்படுத்தியபோது ‘யூட்ரோபிக்’, ‘ஒலிகோட்ரோபிக்’ முதலிய அடைகளைப் பயன்படுத்தினார். சுவீடனைச் சேர்ந்த ஐனார் நவுமான் 1919-இல் அவற்றை ஏரிகளுக்குக் கொண்டுவந்தார். அன்று அவை வெறும் வகைப்பெயர்கள். ஊட்டம் நிறைந்த ஏரி ஒன்று, ஊட்டம் குறைந்த ஏரி மற்றொன்று, அவ்வளவே. மனிதர் செயலால் ஓர் ஏரி ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு விரைந்து தள்ளப்படுவதைச் சொல்லும் வழக்கும், அதனோடு ‘கெடுதல்’ என்னும் நிழலும் பின்னர்த்தான் வலுப்பெற்றன. நல்லதைக் குறித்த முன்னொட்டு கேட்டைக் குறிக்க நேர்ந்தது இவ்வாறுதான்.

‘நற்போசணையாக்கம்’ இந்த வரலாற்றைப் பொருட்படுத்தாமல் உறுப்புக்கு உறுப்பாக மொழிபெயர்த்ததன் விளைவு. மொழிபெயர்ப்பு பிழையற்றது, சொல் மட்டும் வழிதவறுகிறது. கிரேக்க முன்னொட்டின் பொருள் ஆங்கிலம் படிப்பவர் காதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. தமிழ் ‘நல்’ அப்படி மறைவதில்லை. ஓர் ஏரியில் நற்போசணையாக்கம் நிகழ்ந்துள்ளது என்று கேட்கும் ஒருவர் மகிழ்ந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

‘தூர்ந்துபோதல்’ வேறு வகையில் இடறுகிறது. தூர்தல் என்பது வண்டலால் நிறைந்து ஆழம் குன்றுதல். இயற்கையில் ஊட்டம் மெல்ல மிகும் ஏரி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தூர்ந்து சதுப்பாகக்கூடும். உரத்தால் கெடும் ஏரியோ ஆழம் சற்றும் குறையாமல் சில பத்தாண்டுகளுக்குள் கெட்டுவிடும். தூர்ந்தது என்றால் தூர்வாரச் சொல்வோம். அடிச்சேற்றில் தேங்கிய பாஸ்பரஸும் மீண்டும் நீரில் கரைவதால் தூர்வாருதலில் ஓரளவு பயன் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஆண்டுதோறும் வயலிலிருந்து வரும் வரத்து அப்படியே தொடரும்.

‘பாசி படர்தல்’ நோயை விட்டு அறிகுறிக்குப் பெயரிடுகிறது. பாசிதான் சிக்கல் என்றால் பாசியைக் கொல்லத் தோன்றும், மயில்துத்தம் (செப்பு சல்பேட்) தூவுவதும் உண்டு. நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியாக்களின் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நஞ்சைத் தம் உயிரணுக்குள் அடக்கி வைத்திருக்கின்றன. மயில்துத்தத்தால் உயிரணு உடைந்தால் நஞ்சு நீரில் கலந்துவிடும். உயிரணு உடையாதிருந்தால் வடிகட்டி பிரித்துவிடக்கூடிய நஞ்சை நாமே கரைத்துவிடுகிறோம். மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் வகைக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். கொதிக்கவைத்தால் இந்நஞ்சு அழிவதில்லை, நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடவும் செய்யும். 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீரில் இது தென்பட்டபோது, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. நஞ்சு இல்லாத பாசியும் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுமைதான். வடிமணலை அடைக்கும், மண்வாடை தரும், அதன் கரிமப்பொருள் குளோரினோடு வினைபுரிந்து ட்ரைஹாலோமீத்தேன்கள் என்னும் தீங்கான சேர்மங்களைத் தோற்றுவிக்கும்.

எஞ்சுவது ‘மிகையூட்டம்’. இதையே தகுந்த சொல்லாகக் கொள்கிறேன், அதற்கு இலக்கணமே துணை. உண் என்னும் தன்வினையின் பிறவினை ஊட்டு, ஆகவே ஊட்டம் என்றால் ஊட்டுவோர் ஒருவர் இருக்கிறார். போசணை என்னும் வடசொல் தமிழ்க் காதில் இந்த உறவைக் காட்டுவதில்லை. ‘மிகை’க்கோ அளவுமீறல் என்பதோடு குற்றம் என்ற பொருளும் உண்டு, மிகைபடக் கூறலை நம் இலக்கணம் நூற்குற்றங்களுள் ஒன்றாக எண்ணியது. உழவர் வழக்கும் இச்சொல்லோடு இயைகிறது. நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும் பாஸ்பரஸை மணிச்சத்து என்றும் பயிருக்கு அவை செய்யும் நன்மையால் பெயரிட்டிருக்கிறோம். நெல்லைத் தழைக்கச் செய்யும் அதே சத்து ஏரிக்குள் பாசியைத் தழைக்கச் செய்கிறது. சத்தின் இயல்பு மாறவில்லை, சேர்ந்த இடமும் அளவும்தான் மாறின.

அந்த அளவு எவ்வளவு சிறியது என்பதை உழவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நம்புவது கடினம். ஆண்டுச் சராசரியாக லிட்டருக்கு ஏறத்தாழ 35 மைக்ரோகிராம் மொத்தப் பாஸ்பரஸ் இருந்தால் ஏரியை மிகையூட்ட நிலையில் வைப்பது பரவலான வழக்கம். இக்கணக்கின்படி வயலிலிருந்து கழுவிச் செல்லப்படும் ஒரே ஒரு கிலோ பாஸ்பரஸ் சுமார் 2.86 கோடி லிட்டர் தூயநீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். உழவருக்கு அது கணக்கில் எழுதத் தகாத இழப்பு.

எந்தச் சத்து என்ற வினாவும் பெயரளவில் நின்றதில்லை. 1960-களின் இறுதியில் சலவைத்தூள் துறையினர், பாசிப் பெருக்கத்துக்குக் கரியே (கார்பனே) காரணமாகலாம் என்று வாதிட்டனர். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளிலும் கரியும் நைட்ரஜனும் சேர்த்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தனர். பச்சையானது அந்தப் பாதி மட்டுமே. நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் பாஸ்பரஸும், கடலோர நீரில் பெரும்பாலும் நைட்ரஜனும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன என்பது பொதுவான புரிதல், இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்ற வாதமும் இன்று வலுவாக உண்டு.

சட்டம் இச்சொல்லைத் தன் தேவைக்கேற்ப வரையறுக்கிறது. 1991-இல் ஐரோப்பியச் சமூகம் இயற்றிய நகர்ப்புறக் கழிவுநீர் நெறிமுறை, யூட்ரோபிகேஷனுக்கான வரையறையில் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய இரண்டின் சேர்மங்களையும் குறிப்பிடுகிறது. அதே ஆண்டு உழவுக்காக இயற்றப்பட்ட நைட்ரேட் நெறிமுறையோ நைட்ரஜன் சேர்மங்களால் நீர் செறிவுறுவதை மட்டுமே சொல்கிறது. அமெரிக்காவின் 1972 தூயநீர்ச் சட்டம் குழாய், வாய்க்கால் போன்ற சுட்டிக்காட்டத்தக்க வாய்களிலிருந்து விழும் கழிவுக்கு உரிமம் கேட்டது, வயற்பரப்பிலிருந்து மழையோடு பரந்து வழியும் நீர் அந்த உரிம முறைக்கு வெளியே நின்றது. ஈரி ஏரியில் நகரக் கழிவிலும் சலவைத்தூளிலும் பாஸ்பரஸைக் குறைத்ததால் நீர் தேறியதிலும், 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் பாசி திரும்பியதிலும் இந்த வேறுபாட்டுக்குப் பங்குண்டு.

மிகையூட்டம் என்ற சொல்லுக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஏரிகளை நிலைப்படுத்தும் அளவுகோலில் யூட்ரோபிக் என்பதற்கு மேலே ஹைப்பர்யூட்ரோபிக் என்றொரு படி இருக்கிறது. முன்னதை மிகை என்று சொல்லிவிட்டால் பின்னதற்கு ‘மீமிகை’ என்று தேடியலைய வேண்டும். நிலையைக் குறிக்கக் குறையூட்டம், இடையூட்டம், நிறையூட்டம், மிகையூட்டம் என்று வரிசைப்படுத்தினால் இது தீரும், ஆனால் நிகழ்வின் பெயரும் கடைசிப் படியின் பெயரும் ஒன்றாகிவிடும். நிகழ்வை ‘மிகையூட்டல்’ என்று தொழிற்பெயராக எழுதி நிலையை ‘மிகையூட்ட நிலை’ என்று பிரித்தால் குழப்பம் குறையும். மனிதரால் விளைவதைச் சுட்ட ஆங்கிலத்தார் பண்பாடு என்னும் பொருள்தரும் அடையைச் சேர்ப்பதைப் பார்த்து, நாமும் ‘பண்பாட்டு மிகையூட்டல்’ என்று எழுத வேண்டியதில்லை, ‘மாந்தர்வழி மிகையூட்டல்’ போதும். வினைமுற்றில் ‘ஏரி மிகையூட்டமடைந்தது’ என்பதைவிட ‘ஏரிக்கு மிகையாக ஊட்டப்பட்டது’ என்பதையே விரும்புவேன். முன்னது தானே நேர்ந்தது போல் ஒலிக்கிறது, பின்னதைப் படிப்பவர் யாரால் என்று அடுத்துக் கேட்பார்.