அபராதம் கட்டுவது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு

"குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடுகிறேன் சார், வாய்தாவுக்கு அலைய முடியாது." நடுவர் நீதிமன்ற வராந்தாவில் கட்சிக்காரர்களிடம் நான் அடிக்கடி கேட்பது இது. செய்தவர் சொன்னால் சரி. செய்யாதவர் சொல்லும்போதுதான் எனக்குச் சாக்ரடீஸ் நினைவுக்கு வருவார். அவர் குடித்த நஞ்சு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் தண்டனை குறித்து அவர் பேசியதைப் பலர் கவனிப்பதில்லை.

கி.மு. 399, ஏதென்ஸ். அவருக்கு வயது 70. நகரத்தின் கடவுளரை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று மெலிடஸ் என்ற குடிமகன் வழக்குத் தொடுத்தார். அனிடஸும் லைகானும் துணை நின்றார்கள். அங்கே அரசு வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்புச் சொன்ன நடுவர்கள், குலுக்கலில் தேர்வான சுமார் 500 சாதாரணக் குடிமக்கள். இன்னும் 30 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்று சாக்ரடீஸே சொன்னதாக அவர் சீடர் பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

இனிதான் விஷயமே. இந்தக் குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று சட்டம் வரையறுக்கவில்லை. வழக்குத் தொடுத்தவர் ஒரு தண்டனை கேட்பார். குற்றவாளி என்று தீர்ப்பானவர் மாற்றாக ஒன்றைச் சொல்வார். இரண்டில் ஒன்றைத்தான் நடுவர்கள் தேர்ந்தெடுக்க முடியும். மெலிடஸ் கேட்டது மரணம். நாடுகடத்துங்கள் என்று சாக்ரடீஸ் சொல்லியிருந்தால் அநேகமாக உயிர் தப்பியிருப்பார். அவரோ, ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்குச் செய்வதுபோல நகரச் செலவில் தனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்! என் கட்சிக்காரராக இருந்திருந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன். ஆனால் அவர் வாதத்தில் ஓட்டை இல்லை. யாருக்கும் தீங்கு செய்யாதவன் தனக்கே ஏன் தீங்கு கேட்க வேண்டும்? சிறை தீங்கு, நாடுகடத்தல் தீங்கு. பணம் போவது மட்டும் அவர் கணக்கில் தீங்கல்ல. எனவே ஒரு மினா (அக்காலக் கிரேக்கப் பண அளவு) அபராதம் தருவதாகச் சொல்லி, பிளேட்டோ, கிரிட்டோ முதலான நண்பர்கள் ஜாமீன் நிற்க 30 மினாவாக உயர்த்தினார். அபராதத்துக்குச் சம்மதித்தார், குற்றத்துக்குச் சம்மதிக்கவில்லை. மூன்று மகன்கள் இருந்தும் நடுவர்களின் இரக்கத்துக்காக ஒருவரையும் அழைத்துவந்து அழவைக்கவில்லை. நடுவர்கள் மரணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் நீதிமன்றங்களில் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். ரசீதோடு அந்தப் பதிவும் வருகிறது. அதன்பின் மேல்முறையீடு செய்தாலும் பெரும்பாலும் தண்டனையின் அளவையும் அதன் சட்டத்தன்மையையும் பற்றி மட்டுமே பேச முடியும். கைகலப்பு வழக்கொன்றில் சம்பவ இடத்திலேயே இல்லாத ஓர் இளைஞர், வீட்டார் சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டு பணம் கட்டியிருந்தார். பின்னாளில் அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தோடு என்னிடம் வந்தார். 'எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா?' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார். உண்மையை எழுதினாலும் சிக்கல், மறைத்தால் அதைவிடப் பெரிய சிக்கல்.

வாய் திறக்குமுன் குற்றப்பத்திரிகை நகலை வாங்கி, என்ன பிரிவு என்று பாருங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.